அது ஆற்ற தமிழ்? டூரிஸ்ட் ஃபேமிலி பாத்த ஆக்கள் வாங்கோ

07.06.2025, மாலை 6.15 (கேள்வி)

இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒண்டு கள்ளமாச் சென்னைக்குப் போய் இருக்கிற கதை தான் டூரிஸ்ட் ஃபேமிலி படம், அதை எல்லாரும் தலையில தூக்கி வைச்சுக் கொண்டாடுறீங்கள். எனக்கெண்டா பத்து நிமிசத்துக்கு மேல கேக்க ஏலாமல் போட்டுது. அது எங்கட தமிழே இல்லை. ரெண்டு 'எண்டு', மூண்டு 'ஓம்' போட்டா ஈழத்தமிழ் ஆகீடுமோ? வன்னியில இருக்கிற ஆராவது சொல்லுங்கோ, நீங்கள் இப்பிடியோ கதைக்கிறனீங்கள்?

07.06.2025, இரவு 9.50 (பதில்)

நான் வன்னி தான். மாங்குளத்தில இருந்து உள்ளுக்க போகோணும். நீங்கள் சொல்லுறது சரி. எனக்கும் முதல் தரம் பாக்கேக்க காது கூசினது. சொல்லு எங்கட சொல்லு, இழுவை அவையின்ர இழுவை. சசிகுமார் ஒரு வசனம் எங்கட மாதிரிச் சொன்னா அடுத்த வசனம் மதுரைக்குப் போய் நிக்குது. சிம்ரனுக்குத் தமிழே வீட்டுப் பாசை இல்லை, அதால அவவைப் பெரிசாக் குறை சொல்ல மனம் வரேல்லை. ஆனாலும் ஒரு படத்தின்ர கதையே பேச்சுத் தமிழில தான் நிக்குது எண்டா, வாய் திறந்தா பிடிபட்டிடுவம் எண்டது தான் அந்தக் குடும்பத்தின்ர பயம் எண்டா, அந்தப் பேச்சைச் சரியாச் செய்திருக்கோணும். யாழ்ப்பாணத்தில இருந்தோ கிளிநொச்சியில இருந்தோ ஒரு ஆளைப் பக்கத்தில வைச்சுக் கொண்டு ஒரு மாசம் கதைச்சுப் பழகியிருக்கலாம். நாங்கள் இஞ்ச சும்மா தான் இருக்கிறம், கூப்பிட்டா வந்திருப்பம்.

07.06.2025, இரவு 10.05

இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். பத்து நிமிசத்தில நிப்பாட்டினனீங்கள் எண்டா முழுக்கப் பாருங்கோ. அந்தத் தெருவில ஒரு வயசான அம்மா சாகிறா, செத்தவீட்டுக்குச் சனம் இல்லை, சசிகுமார் தான் வீடு வீடாப் போய் ஆக்களைக் கூட்டிறார். அந்த இடத்தில அவர் கதைக்கிறது என்ன தமிழ் எண்டு நான் கவனிக்கவே இல்லை. எங்கட ஊரில ஒரு வீட்டில உயிர் போனா பந்தல் போடுறது ஆர், பிளேன்ரீ ஊத்துறது ஆர் எண்டு ஆரும் ஆரையும் கேக்கிறேல்லை, அது தானா நடக்கும். அந்த ஒரு காட்சி எங்கட ஊர்க்காட்சி.

08.06.2025, பின்னேரம் 4.30

நேற்று ஒராள் கேட்டிருக்கிறா, விலைவாசிக்காக ஒரு குடும்பம் கள்ளமா வள்ளம் ஏறுமோ, அது சினிமாக்கு எழுதின கதை எண்டு. இல்லை. 2022 மார்ச்சில இருந்து மன்னார்ப் பக்கத்தால தனுஷ்கோடிக்குக் குடும்பம் குடும்பமாப் போனவை. கைப்பிள்ளையோட மணல் திட்டியில இறக்கி விட்டிட்டு வள்ளக்காரன் திரும்பிப் போனதுகள் எல்லாம் பேப்பரில வந்தது. நீங்கள் அந்த நேரம் வெளிநாட்டில இருந்திருப்பியள் போல. இஞ்ச 2021ல இரசாயனப் பசளைக்கு, உரத்துக்கு, தடை வந்து, வயல் மஞ்சளாப் போய், அடுத்த வருசம் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மா இல்லை, பால்மா இல்லை. எங்கட அண்ணா ரண்டு நாள் மோட்டச்சைக்கிளை லைனில விட்டிட்டு அதுக்குப் பக்கத்திலயே சாக்கு விரிச்சுப் படுத்தவர், பேந்து தான் பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கக் கியூஆர் கோட் வந்தது. போரில கூட ஊரை விட்டுப் போகாத ஆக்கள் அந்த வருசம் பாஸ்போட் எடுக்கப் போய் நிண்டதை நான் கண்ணால பாத்தனான். அதால அந்தக் குடும்பம் ஏன் போனது எண்டு எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சின்னவனுக்குப் படத்தில முள்ளி எண்டு பேர். நீங்கள் அதைச் செல்லப்பேரா எடுத்திருப்பியள். எங்களுக்கு அந்தப் பேரைக் கேக்க முதல் வாறது முள்ளிவாய்க்கால். அதுவும் படம் வந்தது மே மாசம். அம்மா அந்தப் பேரை முதல் தரம் கேட்டவுடன என்னைத் திரும்பிப் பாத்தவ, ஒண்டும் சொல்லேல்லை.

09.06.2025, காலை 7.20

சிம்ரன் எண்டோன எனக்கு ஞாபகம் வந்தது கன்னத்தில் முத்தமிட்டால். அது எங்கட மாங்குளம் எல்லோ! அமுதா எண்ட பிள்ளை தன்னைப் பெத்த சிம்ரனைத் தேடி மாங்குளத்துக்கு வாற கதை. அந்தப் படம் 2002 பெப்ரவரி 14 வந்தது, அதே மாசம் 22ம் திகதி போர் நிறுத்த ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டவை, எட்டு நாள் தான் இடைவெளி. ஏப்ரலில வன்னிக்குள்ளால போற ஏ9 றோட்டுத் திறந்தோன பஸ், லொறி, பிஸ்கற், சீனி, பற்றரி எல்லாத்தோடயும் சேந்து சீடியும் வந்தது. பன்ரண்டு வருசமாப் பற்றரிக்குத் தடை இருந்த இடம் இது, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள். எனக்கு அப்ப பதினேழு வயசு. மாங்குளம் எண்ட சொல்லு ஒரு இந்தியப் படத்தில வருகுது எண்டோன எங்களுக்குப் பிடிச்ச புளுகத்தைச் சொல்லேலாது, ஒரே வீட்டில அம்பது அறுபது பேர் குந்தியிருந்து பாத்தம்.

படத்தில வந்த மாங்குளம் பச்சைப்பசேல் எண்டு தண்ணியும் மரமுமா இருந்தது. நாங்கள் இருந்த மாங்குளம் பாலை மரமும் வீரை மரமும் நிண்ட காய்ஞ்ச காடு, கூரையில்லாத கடையள், றோட்டுக் கரை முழுக்க மிதிவெடிக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை. ஒரு பெடியன் எழும்பி "இது எங்கட மாங்குளம் இல்லை" எண்டு கத்தினவன். அவனை இருக்கச் சொல்லி எல்லாரும் பேசினம். இப்ப யோசிச்சா முந்தநாள் நீங்கள் கேட்டதும் அந்தப் பெடியன் கத்தினதும் ஒண்டு தான். இடம் பிழை எண்டான் அவன், பேச்சுப் பிழை எண்டுறீங்கள் நீங்கள்.

09.06.2025, காலை 7.45

பிழை விட்டிட்டன், திருத்துறன். அமுதாவைப் பெத்தது நந்திதா தாஸ். சிம்ரன் வளத்த தாய். வேலைக்கு வெளிக்கிடுற அவசரத்தில எழுதினது. ஆனா பாருங்கோ, 2002ல இலங்கையில பெத்த தாயைத் தேடுற பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக் கொண்டு இந்தியாவில இருந்து வந்த அதே சிம்ரன், 2025ல இலங்கையில இருந்து பிள்ளையளோட இந்தியாவுக்குப் போறா. இருவத்தி மூண்டு வருசம். றோட்டு மறுபக்கமாத் திரும்பியிருக்கு.

10.06.2025, இரவு 11.30

இண்டைக்குப் பொசன் போயா, பௌர்ணமி லீவு. அம்மாவோட இருந்து திருப்பியும் பாத்தன். நேற்று முந்தநாள் எழுதினதில கனக்க மாத்தி எழுத வேண்டிக் கிடக்கு, நித்திரையும் வரேல்லை, அதால நீளமா எழுதப் போறன், பொறுத்துக் கொள்ளுங்கோ.

பாலைப்பழக் காலம். அண்ணா காட்டுக்கரையில ஒரு சருவம் நிறையப் புடுங்கிக் கொண்டு வந்து வைச்சவர். வெளியாக்களுக்குத் தெரியாட்டிச் சொல்லுறன், சின்ன மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிப்பு, ஆனா பால் ஒட்டும். பத்துப் பழம் திண்டா மேலுதடும் கீழுதடும் ஒண்டோட ஒண்டு ஒட்டீடும், விரலெல்லாம் பசை, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சாத் தான் போகும். அம்மா சருவத்தை மடியில வைச்சுக் கொண்டு ஒண்டொண்டாத் திண்டு கொண்டு பாத்தவ. அவையளைச் சென்னையில கொண்டு போய் விட்டிட்டு, வெளியில வாயைத் திறக்காதேங்கோ, உங்கட தமிழைக் கதைக்காதேங்கோ எண்டு சொல்லுற இடம் வருமெல்லோ. நான் பக்கத்தில இருந்து வழக்கம் போல, பாரம்மா இதெல்லாம் எங்கட தமிழோ எண்டு சொல்லிக் கொண்டிருந்தன். அம்மாவின்ர கை சருவத்துக்குள்ள அப்பிடியே நிண்டிட்டுது.

"எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு" எண்டா.

அப்பிடி ஒரு பேச்சு அம்மாவின்ர வாயில வந்து நான் கேட்டுக் கன காலம். எங்களோட அவ 'அப்பிடி' எண்டு தான் சொல்லுறவ, 'இருந்தது' எண்டு தான் சொல்லுறவ. 'இருந்துச்சு' எண்டு சொல்லி நான் கேட்டது அம்மாயியோட கதைக்கேக்க மட்டும் தான், அம்மாயி செத்தே பதினெட்டு வருசம்.

11.06.2025, மத்தியானம் 1.10

அம்மாயி எண்டா ஆர் எண்டு கேட்டிருக்கிறீங்கள். அம்மாவின்ர அம்மா. யாழ்ப்பாணத்து ஆக்கள் அம்மம்மா எண்டுவினம்.

அம்மா மலையகத்தில ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில பிறந்தவ. 1977 இனக் கலவரத்தோட அம்மாயியும் தாத்தாவும் நாலு பிள்ளையளையும் கூட்டிக் கொண்டு வவுனியாவுக்கு ஓடி வந்து, அங்கயிருந்து காடு வெட்டி இஞ்ச குடியேறின ஆக்கள். அவை மட்டும் இல்லை, வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் அப்பிடி வந்த ஆக்கள் எத்தினை ஊர் நிறைய இருக்கினம் எண்டு வன்னியில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு அப்ப பன்ரண்டு வயசு. பள்ளிக்கூடத்தில சேத்த மூண்டாம் நாளோ நாலாம் நாளோ, வெண்கட்டிப் பெட்டி எங்க எண்டு கேக்க, "அந்தா அங்கிட்டு இருக்கு" எண்டு சொல்லியிருக்கிறா. வகுப்பே சிரிச்சதாம். அண்டையில இருந்து அம்மாவுக்குப் பேர் 'அங்கிட்டு'. தோட்டக்காட்டுத் தமிழ் எண்டு சொல்லிச் சொல்லி, அந்தத் தவணை முழுக்க அவ வாயே திறக்கேல்லையாம்.

பேந்து என்ன செய்தவ எண்டு நேற்று இரவு தான் எனக்குச் சொன்னவ. விடியக் காலமை துலாவில தண்ணி அள்ளப் போவாவாம். பட்டை கீழ இறங்கேக்க "அங்கால", மேல வரேக்க "இஞ்சால". இறங்கேக்க "எண்டு", வரேக்க "ஓம்". தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சி முடியிறதுக்குள்ள நூறு தரம் சொல்லுவாவாம். அப்பிடித் தான் அம்மா இந்தத் தமிழைப் பழகினவ. நான் பிறந்ததில இருந்து என்ர அம்மாவின்ர தமிழ், எங்கட தமிழ் எண்டு நினைச்சுக் கொண்டிருந்தது கிணத்தடியில பாடமாக்கின தமிழ். எனக்கு இப்ப நாப்பது வயசு. இது தெரியாமலே நாப்பது வருசம் அவவோட கதைச்சிருக்கிறன்.

11.06.2025, மத்தியானம் 1.40

இன்னொண்டு, சொல்லாமல் விட்டாப் பொய்யாப் போயிடும். அப்பாவின்ர ஆக்கள் புங்குடுதீவு. அப்பம்மா வீட்டில நிக்கேக்க நாங்கள் அம்மாயியைப் பற்றிக் கதைச்சா 'அம்மம்மா' எண்டு சொல்லுவம். அம்மாயியின்ர கொட்டிலுக்குப் போனாத் தான் 'அம்மாயி'. ஆரும் எங்களுக்கு அப்பிடிச் சொல்லச் சொல்லித் தரேல்லை, எந்த வீட்டில எந்தச் சொல்லு எண்டு பிள்ளையளுக்குத் தானா விளங்கினது. படத்தில முள்ளிக்கு விளங்கின மாதிரி.

12.06.2025, இரவு 8.55

படம் எண்டோன வீடியோ டெக் போட்ட இரவுகளைப் பற்றி எழுதுங்கோ எண்டு மெசேச் போட்ட அக்காவுக்கு. எழுதாமல் என்ன.

தொண்ணூறுகளில எங்கட பக்கம் கரண்ட் இல்லை. பிறகும் கன காலம் இல்லை, எங்கட ஒழுங்கைக்கு லைற் வந்தது 2012க்குப் பிறகு. ஆரும் பெரிசாகிச் சடங்கு எண்டாலோ, கோயில் திருவிழா முடிஞ்சாலோ ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவினம். மூண்டு படம். மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேக்கிறது. வளவில பாய், சாக்கு, உரப்பை எது கிடைச்சாலும் விரிச்சு இருக்கிறது. முதல் படம் சாமிப்படம், கிழவியளுக்காக. ரெண்டாவது குடும்பப் படம். மூண்டாவது சண்டைப் படம் தொடங்கேக்க சின்னனுகள் எல்லாம் நித்திரையாப் போயிடும், விடியக் காலமை ஜெனரேற்றர் நிக்க அந்த அமைதியில தான் முழிப்பு வரும். ஜெனரேற்றரின்ர சத்தத்தில பாதி வசனம் கேக்காது. அப்ப எல்லாரும் திரும்பி அம்மாவைத் தான் கேப்பினம், "என்னவாம் சொல்லுறான்?"

ஏன் அம்மாவைக் கேட்டவை எண்டு எனக்கு இவ்வளவு காலமும் விளங்கேல்லை. அந்தப் படங்களில வாற ஆக்கள் 'அங்கிட்டு' எண்டு தான் சொல்லுவினம், 'வந்துச்சு' எண்டு தான் சொல்லுவினம். அம்மாவுக்கு அரைச் சொல்லுக் கேட்டாலே காணும், மிச்சம் தெரியும். நேற்றுக் கேட்டன், உங்களுக்கு ஏன் படம் எண்டா அவ்வளவு விருப்பம் எண்டு. "ரீவியில எல்லாரும் எங்க வீட்டுப் பேச்சுப் பேசுவாங்க, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" எண்டா. ஊரே வாயைப் பிளந்து கொண்டு கேட்டுக் கொண்டிருந்திருக்கு, பகலில சிரிச்ச அதே பேச்சை.

13.06.2025, காலை 6.40

தக் லைஃப் படம் எப்பிடி எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறீங்கள். நான் பாக்கேல்லை. தம்பி வவுனியாவுக்குப் போய்ப் பாத்திட்டு வந்தவன். கமலும் மணிரத்னமும் 1987க்குப் பிறகு சேருகினம் எண்டு அஞ்சு பெடியள் வான் பிடிச்சுப் போனவை, திரும்பி வரேக்க வானுக்குள்ள ஆரும் கதைக்கேல்லையாம். பாட்டுகள் நல்லம் எண்டான். அவ்வளவு தான்.

15.06.2025, இரவு 10.20

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன அலுப்பு இப்ப தான் தீர்ந்தது, அதால பிந்தீட்டுது. உப்புத் தண்ணியில விளக்கெரியிறதைப் பாத்தனீங்களோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு: ஓம், பாத்தனான், ஒவ்வொரு வருசமும் பாக்கிறனான், ஒவ்வொரு வருசமும் மெய் சிலிர்க்கும்.

சரி, விசயத்துக்கு வாறன். ஒராள் கோபமா எழுதியிருக்கிறார், நான் ஈழத்தமிழரைப் பிரிச்சுக் கதைக்கிறனாம், யாழ்ப்பாணத்தை இழுக்கிறனாம், படத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்ல வீட்டுக்கதை சொல்லுறனாம். அண்ணை, நான் ஆரையும் பிரிக்கேல்லை. என்ர அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில ரெண்டு தமிழோட இருந்தவை, அதில ஒண்டு மட்டும் வாசலுக்கு வெளியில வந்தது. அதைச் சொல்லாமல் "இது எங்கட தமிழ் இல்லை" எண்டு ஒரு நடிகருக்குக் குறை சொல்ல எனக்கு இனி வாய் வராது. முதல் நாள் நான் எழுதினதை அழிக்கேல்லை, கிடக்கட்டும். பேச்சைச் சரியாச் செய்திருக்கோணும் எண்டதில நான் இப்பவும் மாறேல்லை. ஆனா 'சரி' எண்டா ஆற்ற பேச்சு எண்டு அண்டைக்கு நான் என்னைக் கேக்கேல்லை. எங்கட ஒழுங்கையில பதினாலு வீடு. புங்குடுதீவு, ஹற்றன், மாத்தளை, மன்னார், முல்லைத்தீவுக் கரை ஆக்கள், தலைமுறை தலைமுறையா இஞ்சயே வயல் செய்த பழைய வன்னி ஆக்கள் ரெண்டு வீடு. அந்தப் பழைய வன்னிக் கிழவர் 'காடு' எண்டு சொல்லுற விதமே வேற, அது எந்தப் படத்திலயும் வரேல்லை. இலங்கைத் தமிழ் எண்டா சினிமாக்காரருக்கு ஒரே ஒரு குரல். அது பாவமாக் கதைக்கும், இல்லாட்டி துவக்கோட கதைக்கும். தெனாலியில கமல் அதைச் சிரிப்பாக்கினவர், அதுக்கு நாங்களும் தான் விழுந்து விழுந்து சிரிச்சம்.

2019ல எங்கட கிளிநொச்சிப் பிள்ளை லொஸ்லியா பிக் பாஸில போய் இருந்து கதைக்கேக்க, இலங்கைத் தமிழ் தேன் மாதிரி இருக்கு எண்டு தமிழ்நாட்டுச் சனம் எழுதினதை வாசிச்சு வாசிச்சு நாங்கள் பூரிச்சுப் போனம். உண்மையாவே பூரிச்சம். அம்மாவும் தான். ஆனா அந்த நேரம் இதே வன்னியில, அம்மா மாதிரி ஒரு பிள்ளை 'அங்கிட்டு' எண்டு சொன்னா அது தேனா இருந்ததோ எண்டு நான் இப்ப யோசிக்கிறன். என்ர மகள் படிக்கிற வகுப்பில இப்பவும் ஒரு பிள்ளை இருக்கு. மாத்தளை ஆக்களின்ர பேத்தி. மகளிட்டைக் கேட்டன், அவ எப்பிடிக் கதைக்கிறவ எண்டு. "அவள் கதைக்கிறேல்லை அம்மா" எண்டாள்.

15.06.2025, இரவு 10.45

எனக்கு என்ன படம் வேணும் எண்டு கேட்டனீங்கள், இப்ப சொல்லுறன். அகதியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஒரு வயல் காலம். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயிற நாள். மாடு பயிருக்குள்ள இறங்கினதுக்கு ரெண்டு வீட்டுக்காரர் வேலிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு ஒரு மணித்தியாலம் பேசுபடுறது, ஒராள் அவற்ற தமிழில, மற்றாள் அவவின்ர தமிழில. அவ்வளவும் போதும். நான் குடும்பத்தோட ரிக்கற் எடுத்து வவுனியாவுக்குப் போய்ப் பாப்பன்.

17.06.2025, மாலை 6.50

பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தவ, சுத்தமான யாழ்ப்பாணத்து ஆள், எழுவத்தெட்டு வயசு, கண் வடிவாத் தெரியாது. ஏதோ படம் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதைக்கினம், என்னவாம் கதை எண்டு கேட்டா. அம்மா அடுப்படியில இருந்து வந்து, திண்ணையில மாமிக்குப் பக்கத்தில இருந்து, மிச்சம் கிடந்த பாலைப்பழத்தை அவவின்ர கையில வைச்சுக் கொண்டு தொடங்கினவ. முதல் கொஞ்ச நேரம் வழக்கமான தமிழ். கடல் தாண்டி அக்கரையில இறங்கினாப் பிறகு மெல்ல மாறிச்சுது. "அந்தப் புள்ளைங்க ரெண்டுக்கும் ஒரே பயம் மாமி, வாயத் தொறந்தா மாட்டிக்கிடுவாங்க, அதுனால அங்கிட்டு இங்கிட்டு யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாங்க..."

நான் படலையடியில சைக்கிளைப் பிடிச்ச படி நிண்டனான். அம்மா என்னைக் காணேல்லை. மாமி பழத்தின்ர பாலை விரலால உருட்டிக் கொண்டு, கண்ணைச் சுருக்கி அம்மாவின்ர பக்கமாச் சரிஞ்சு இருந்து, "பேந்து?" எண்டு கேட்டா.